மோட்டாருக்கு ஊற்றிய தீர்த்தம்

வடகரப்பதியில் சென்னிமலை தொடங்கி வைக்காத பொருள் ஏதாவது இருந்தால், அது அவர் கண்ணில் படாமல் தப்பித்ததாகத்தான் இருக்கும். மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு அவர் உத்காடனம் நடத்தியிருக்கிறார். மாட்டுக் கொட்டகைக்குப் போட்ட சிமெண்டுத் தளத்துக்கு நடத்தியிருக்கிறார். அன்று முதலில் காலெடுத்து வைக்க வேண்டிய பசு, செண்டை மேளத்துக்கு மிரண்டு சோளக்காட்டுக்குள் ஓடியதில் விழா ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. பேச்செல்லாம் தமிழும் நோட்டீஸெல்லாம் மலையாளமுமாக இருக்கிற எல்லைப் பஞ்சாயத்து அது. திறப்பு விழா என்று சொன்னால் அவருக்கு யாரோ கதவைத் திறந்தது போலத்தான் இருக்கும். உத்காடனம் என்று சொன்னால்தான் ரிப்பனும் குத்துவிளக்கும் கண்முன்னே வரும்.

விவசாய முன்னேற்ற சமிதிக்கு அவர்தான் தலைவர். செயலாளர் துபாய்க்குப் போனதிலிருந்து அந்தப் பொறுப்பையும் அவரே பார்த்துக்கொண்டார். சமிதியின் பணி என்னவென்று கேட்டால், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் தலைவர் பேசி அனுப்புவதைக் கேட்பது.

போன வருஷம் அவர் காசிக்குப் போய் வந்தார். வரும்போது வாய் அடைத்த செம்புச் சொம்புகள் ஏழு வந்தன. அதுவரைக்கும் தேங்காயும் சூடமுமாக நடந்த உத்காடனங்கள் அதற்குப் பிறகு தீர்த்தத்துக்கு உயர்ந்தன. கங்கை நீரை அப்படியே தருவது மரியாதையாகாது என்று மஞ்சள், உரைத்த சந்தனம், கறந்த பால், துளசி எல்லாம் அதில் சேர்ப்பார். கலக்கும் விகிதம் அவருக்கு மட்டும்தான் தெரியும்; எத்தனை உத்காடனம் ஆனாலும் ஏழு சொம்பும் நிறைந்தே இருந்தன.

இப்படிப்பட்ட மனிதரின் ஆழ்குழாய்க் கிணற்றில் நான்கே மாதத்தில் இரண்டு மோட்டார்கள் செத்துப் போயின.

கிணறு எண்ணூற்றைம்பது அடி. அதில் முன்பு கிடந்த மோட்டார் ஒன்பது வருஷம் ஓடியது. அதை இறக்கியபோது சென்னிமலை தலைவராகவில்லை. கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அது ஓய்ந்த பிறகு புதிதாக வாங்கி நவம்பரில் உத்காடனம் செய்து இறக்கியது பொங்கலைத் தாண்டவில்லை. அடுத்தது நாற்பத்தெட்டு நாள். ஒரு மண்டலம் முடிந்ததும் அது போய்விட்டது என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டார், அதிலும் ஏதோ ஒரு சிறப்பு இருப்பது போல.

மார்ச் மாதம். கமலாத்தாளின் இரண்டு ஏக்கர் தக்காளி நெல்லிக்காய் அளவுக்குக் காய் பிடித்திருந்தது. கமலாத்தாள் சென்னிமலையின் மனைவி. அந்த இரண்டு ஏக்கர் அவர் பெயரில் இருந்தது; நாற்று விட்டது, நட்டது, குச்சி ஊன்றிக் கட்டியது எல்லாம் அவர் கை. அந்தப் பருவத்தில் தக்காளிக்குத் தண்ணீர் தவறினால் காயின் அடி கறுத்துப்போகும். ஒருமுறை கறுத்தால் பிறகு மழையே பெய்தாலும் அந்தக் காய் தேறாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரக்கப்பட்டு நாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டார்கள். அவர்கள் கிணறும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்குள் மூன்றாவது மோட்டார் இறங்கித் தண்ணீர் வந்தாக வேண்டும், வந்த தண்ணீர் நிற்கவும் வேண்டும்.

முதல் மோட்டார் போனபோது கம்பெனியிலிருந்து லிபின் என்ற சர்வீஸ் என்ஜினீயர் வந்தான். கழுத்தில் அட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு மீட்டர். அதை ஒயரில் கவ்வ வைத்துப் பார்த்துவிட்டு வோல்டேஜ்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தான். இரண்டாவது போனபோது வரவேயில்லை. அனுப்பிய போட்டோவைப் பார்த்தே, தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடியிருக்கிறது என்று முடிவு சொன்னான். இரண்டு அறிக்கையையும் சென்னிமலை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஆனாலும் மனது ஆறவில்லை. வோல்டேஜைக் கூப்பிட்டுத் திட்ட முடியாது. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மாரப்பன் அகப்பட்டார். கொழிஞ்சாம்பாறை ரோட்டில், எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் அவருடைய ஆட்கள்தான். ஒருநாள் காலை நாலு நிமிஷம் ஓடிய பேச்சில், சிலருடைய கை சில காரியங்களுக்கு ராசியில்லை, பெயரைச் சொல்லி யாரையும் புண்படுத்த விரும்பவில்லை, மாரப்பன் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னிமலை குழுவில் சொன்னார். மாரப்பன் பதில் ஒன்றும் போடவில்லை. மாரப்பன் வெளியேறினார் என்று போன்தான் சொன்னது.

அதற்குப் பிறகு மூன்றாவது மோட்டார் வந்து வாசலில் கிடந்தது. இறக்க ஆள் இல்லை. மார்ச்சில் சுற்று வட்டாரம் முழுக்க கிணறு கிணறாக மோட்டார் போய்க்கொண்டிருந்தது. விசாரித்த இடமெல்லாம் பத்து நாள் என்றார்கள். கமலாத்தாள் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், செத்த மோட்டாரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாரப்பன் கடைக்குப் போய்வந்தார். மறுநாள் அங்கிருந்து சேதி வந்தது: தலைவரே நேரில் ஒரு நடை வந்தால் தேவலை.

சென்னிமலை அதைச் சரியான அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார், அதாவது தனக்குச் சரியாகப் பட்ட அர்த்தத்தில். மாரப்பன் வருந்துகிறான், மன்னிப்புக் கேட்கப் போகிறான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பைக்கில் போகும்போது, நடந்ததை மறப்போம் என்று தொடங்கி மூன்று நிமிஷத்துக்கு ஒரு பேச்சை மனதுக்குள் கட்டிக்கொண்டே போனார்.

கடையில் மாரப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் உட்கார்ந்து காயிலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வாங்ணா என்ற ஒரு சொல் மட்டும் முதுகுப் பக்கமிருந்து வந்தது. முன்னால் இருந்தது அவருடைய மகள் செல்வப்பிரியா. ஐடிஐ முடித்தவள். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் முந்நூற்று நாற்பதாவது பெயராக இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள்; காத்திருக்கிற நேரத்தில் அப்பாவின் கடையை அவள்தான் நடத்துகிறாள். செத்த மோட்டாரைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டி அடிமூடியைக் கழற்றியிருந்தாள். கீழே ஒரு பிளாஸ்டிக் பேசின்.

“இப்படி இக்கட்டால வந்து நில்லுங்க பெரியப்பா. வெயிலு படட்டும்” என்றாள்.

பேசினில் கிடந்ததை முதலில் அவர் சேறு என்றுதான் நினைத்தார். பிறகு பார்த்தால் அது மஞ்சளாக இருந்தது. கெட்டுப்போன பஞ்சாமிர்தம் போலக் கொழகொழவென்று அடியில் படிந்து, மேலே திரிந்த பால் மிதந்தது. புளித்த வாடை. செல்வப்பிரியா ஸ்குரூடிரைவர் முனையால் அதைக் கிளறி ஒரு சின்ன இலையை எடுத்து, கழுவி, மேஜை விளிம்பில் ஒட்டி வைத்தாள். துளசி.

“எங்கப்பா இருவத்தஞ்சு வருசமா மோட்டாரு பிரிக்கறாருங்க. உள்ள மணல் பாத்திருக்கறாரு, சேறு பாத்திருக்கறாரு. ஒருக்கா தவக்களைக் குஞ்சுகூட இருந்துதுங்க. சந்தனம் இன்னைக்குத்தானுங்க பாக்கறோம்.”

சென்னிமலை மனதுக்குள் கட்டி வைத்திருந்த மூன்று நிமிஷப் பேச்சு எங்கோ போய்விட்டது.

அவள் இரண்டு கறுப்பு வில்லைகளை எடுத்து அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று புதியது. கனமாகவும் இல்லை, லேசாகவும் இல்லை. தடவினால் பட்டுப்போல் வழுக்கியது. மற்றது செத்த மோட்டாரிலிருந்து வந்தது. வட்ட வட்டமாகக் கீறல் விழுந்து, ஓரம் பொரிந்து, பாதி கனம்கூட இல்லாமல் தேய்ந்திருந்தது.

கார்பன் என்றாள். பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட் இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். மோட்டார் கிணற்றுக்குள் நிற்கிறது அல்லவா, நட்டக் குத்தலாக? மேலே பம்பு தண்ணீரை எண்ணூறு அடிக்குத் தள்ளும்போது, தள்ளுகிற பாரமெல்லாம் தண்டு வழியாகக் கீழே இறங்கும். இறங்கி, மோட்டாரின் அடிவயிற்றில் இருக்கிற இந்த ஒரு வில்லையின் மேல்தான் உட்காரும். இந்த இடத்தில் வேறு எதுவாக இருந்தாலும் எண்ணெய் கேட்கும், கிரீஸ் கேட்கும். இது கேட்காது. கார்பனுக்கும் அதோடு உரசுகிற இரும்புக்கும் நடுவே முடியைவிட மெல்லிசாகக் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று, வருஷக்கணக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் இறக்குவதற்கு முன்னால் மோட்டாருக்குள் நல்ல தண்ணீரை நிரப்பி மூடுவது. அந்தத் தண்ணீரில் நறநறக்கிற பொருள் எது கலந்தாலும் நேராக அடியில் போய்ப் படியும். படிந்தால் அம்மியில் அரைத்த மாதிரிதான்.

சொல்லிவிட்டு அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். யார் ஊற்றியது என்று கேட்கவில்லை.

கேட்காதது சென்னிமலைக்குக் கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது. இரண்டு தடவையும் மாரப்பன் முதல் நாள் சாயங்காலமே வந்து, வடிகட்டிய தண்ணீரை மோட்டாருக்குள் நிரப்பி, காற்றுக் குமிழ் போகத் தட்டித் தட்டி நிறுத்திவைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு தடவையும் விடியற்காலையில் பிரம்ம முகூர்த்தத்தில் சென்னிமலை குளித்துவிட்டு வந்து, தோட்டத்து ஆட்கள் இருவர் சாய்த்துப் பிடிக்க, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டினார். இத்தனை பெரிய காரியத்துக்குப் போகிற மோட்டாரின் வயிற்றில் முதன்முதலாக விழுவது குழாய்த் தண்ணீரா என்று அவருக்கு மனது ஒப்பவில்லை. தீர்த்தத்தை ஊற்றித் திருகு மூடியைப் போட்டு, அதன் மேல் சந்தனம் குங்குமம் அப்பி மாலையும் சாத்திவிட்டார். எட்டு மணிக்கு வந்த மாரப்பன் மாலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சங்கிலியை மாட்டினார். அந்தத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

தேய்ந்த வில்லை இன்னும் அவர் கையில் இருந்தது. பொறுப்பு வகிக்கிறார் என்று லெட்டர்பேடில் அச்சடித்த பதவிகள் அவருக்கு நான்கு உண்டு. வகித்ததில் ஒன்றும் இத்தனை தேய்ந்ததில்லை.

“எலிங்ணா” என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

சென்னிமலை திரும்பினார். மாரப்பன் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை.

“கெடங்குல கெடக்கையில எலி எதையாச்சும் இழுத்துட்டு வந்து உள்ள போட்டிருக்கும்.”

“துளசியும் சந்தனமுமாங்கப்பா?” என்றாள் செல்வப்பிரியா.

“பக்தியுள்ள எலி.”

கடைக்கு வெளியே ஒரு பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. சென்னிமலைக்கு ஆயுசில் எத்தனையோ பேர் சால்வை போட்டிருக்கிறார்கள். எதுவும் இவ்வளவு இதமாகத் தோளில் விழுந்ததில்லை. எலி பண்ணக்கூடிய காரியம்தான் என்று மெல்லச் சொன்னார். செல்வப்பிரியா தலையைக் குனிந்து பேசினில் எதையோ தேடினாள். அவள் தோள் குலுங்கியதை அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். உலகத்திலேயே இல்லாத ஓர் எலிக்கு மனதார நன்றி சொன்னபடி அவர் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை வந்து இறக்கித் தருகிறேன் என்றார் மாரப்பன். குழுவில் பேசியதைப் பற்றி மூச்சு விடவில்லை. தக்காளிக்கு நம்ம சண்டை தெரியாதுங்ணா என்று மட்டும் சொன்னார். சென்னிமலை படியிறங்கும்போது கூடவே ஒன்று: “வியாழக்கெழமை பொழுதோட வந்து தண்ணி ரொப்பி வெச்சுட்டுப் போறேன். எலி வராம பாத்துக்கங்ணா.”

கடையில் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் கமலாத்தாள் கேட்டார். எலி என்றார் சென்னிமலை. கமலாத்தாளுக்கு எந்த எலி என்று புரிந்துவிட்டது.

“எச்சா ஒண்ணும் கேக்கலீங்க. இந்த வாட்டி அந்த எலியை ஊட்டுக்குள்ளயே கட்டிப்போடுங்க. காயெல்லாம் போயிருச்சுன்னா எனக்கு உங்களாட்டம் பேச வராதுங்க.”

கட்டிப்போடலாம். நோட்டீஸை என்ன செய்வது? மூன்றாவது மோட்டாரின் உத்காடனத்துக்கு நானூறு நோட்டீஸ் அச்சாகி ஊர் முழுக்கப் போயிருந்தது. வரவேற்புக் குழு, பந்தல், செண்டை, சேமியாப் பாயசம், தலைமை தாங்க பிளாக் பஞ்சாயத்து மெம்பர். ‘காசி தீர்த்தம் சமர்ப்பணம்’ என்று தனி வரி வேறு. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் முதல் இரண்டு மோட்டாரின் கதையும் வெளியே வரும். வியாழக்கிழமை முழுக்க வரப்பு வரப்பாக நடந்து கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தீர்த்தத்தை உள்ளே ஊற்றாமல் மோட்டாரின் வெளியே ஊற்றிவிட்டால்? மாரப்பனிடம் போனில் கேட்டார். வெளியே என்றால் தீர்த்தம் ஊற்றினாலும் திரட்டுப்பால் ஊற்றினாலும் மோட்டாருக்கு ஒன்றும் தெரியாது என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிட்டது செரித்தது.

அவர் மறந்தது பிளாக் மெம்பரை. இரண்டாவது உத்காடனத்தின்போது விடியற்காலையிலேயே வந்து, தீர்த்தம் உள்ளே போனதைப் பக்கத்தில் நின்று கும்பிட்டவர் அவர்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. கிணற்று வாயின் மேல் மூன்று கால் ஊன்றி, உச்சியில் சங்கிலிக் கப்பியைப் பூட்டிக்கொண்டிருந்தார் மாரப்பன். கீழே புது மோட்டார் குத்துக் கட்டையில் சாய்ந்து நின்றது, மாலையோடு. கடைசியாக ஒருமுறை நீர் மட்டத்தைப் பார்ப்பதற்காக செல்வப்பிரியா திருகு மூடியை அப்போதுதான் கழற்றியிருந்தாள். பெருவிரல் நுழைகிற ஓட்டை. அதன் விளிம்பு வரைக்கும் தெளிந்த தண்ணீர். செண்டை காதைப் பிளந்தது.

பிளாக் மெம்பர் மேடையிலிருந்து நேராக அங்கே வந்தார். அவருக்குப் பின்னால் கேமரா வந்தது. சென்னிமலை ஓடி வந்து, சொம்பைக் கொடுத்து, மாலையின் மேலே ஊற்றச் சொல்லிச் சைகை காட்டினார். மெம்பர் தலையாட்டிவிட்டு ஓட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உள்ளேதானே, போன வாட்டி மாதிரி என்று செண்டைக்கு மேலே கத்தினார். செல்வப்பிரியா குறுக்கே கையை நீட்டி வேண்டாமென்று சொல்லப் போனாள். சித்தே தள்ளி நில்லு கண்ணு, போட்டோவுல மறைக்குது என்று அவளை விலக்கிவிட்டுச் சொம்பைச் சாய்த்தார்.

அந்தக் கணத்தில் சென்னிமலை பார்த்தது மெம்பரையும் அல்ல, கேமராவையும் அல்ல. கமலாத்தாள் பந்தலுக்கு வரவில்லை. தூரத்தில், தக்காளி வரிசையின் தலைமாட்டில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சொட்டுநீர்க் குழாய்கள் காய்ந்த பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தன.

சென்னிமலை தன் உள்ளங்கையால் அந்த ஓட்டையை மூடினார்.

தீர்த்தம் அவர் கையின் மேல் விழுந்தது. மஞ்சளும் பாலுமாக மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கைக்குள் ஏறி, முழங்கையில் சொட்டியது. மெம்பர் விடவில்லை, பக்தியில் கொஞ்சம் கண்ணை மூடியிருந்தார். சொம்பு காலியான பிறகு கண்ணைத் திறந்து, அங்கே ஒரு கை இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். செண்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிறுத்தினார்கள்.

என்னாச்சு தலைவரே என்று யாரோ மைக்கை அவர் வாயருகே கொண்டுவந்தார்கள். எலி தயாராக இருந்தது. வோல்டேஜ் இருந்தது, லேமினேட் செய்தபடி. வாஸ்து இருந்தது. எதைச் சொன்னாலும் கூட்டம் நம்பியிருக்கும். அவருடைய இத்தனை வருஷப் பழக்கத்தில் எதைச் சொன்னாலும் அது பேச்சாகியும் இருக்கும். ஆனால் எதைச் சொன்னாலும், கையை எடுத்ததும் அடுத்த சொம்பை உள்ளே ஊற்றிவிடுவார்கள். வரிசையாக இன்னும் ஆறு சொம்புகள் காத்திருந்தன.

“இதுக்கு மிந்தி போன ரெண்டு மோட்டாரும் வோல்டேஜுல போகலீங்க” என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “நாந்தான் உள்ள தீர்த்தம் ஊத்துனேன். அடியில ஒரு கரி வில்லை இருக்குதுங்க. பாரமெல்லாம் அதுதான் தாங்குது. நான் ஊத்துனதுல அது தேஞ்சுபோச்சு. மாரப்பன் கை நல்ல கைதானுங்க. மாரப்பா, உன்னைய நான் சொன்னது தப்பு.”

பந்தலில் பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். பேச்சு முடிந்ததென்று நினைத்து செண்டைக்காரர் ஒருவர் ஒரு உருட்டு உருட்டிவிட்டு, தனியாக மாட்டிக்கொண்டதில் வெட்கப்பட்டு நிறுத்தினார்.

மூன்று காலின் உச்சியிலிருந்து மாரப்பன் கீழே குனிந்தார். இந்த உத்காடனத்தின் மிகப் பெரிய பேச்சுக்கு அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்:

“கையை எடுத்துராதீங்ணா. பிரியா தொடச்சு முடிக்கட்டும்.”

அவர் எடுக்கவில்லை. செல்வப்பிரியா வெள்ளைத் துணியால் அவர் கையைச் சுற்றிலும் ஒரு பச்சைக் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னாள். கடைசி விரலும் விலகியதும் உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, வழிய விட்டு, மூடியைத் திருகினாள். “சாமி காப்பாத்திருச்சுங்க பெரியப்பா” என்றாள் மெல்ல. எந்தச் சாமி என்று அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது தன் மஞ்சள் கையையோ என்று பார்ப்பது சென்னிமலைக்கு அதுதான் முதல் தடவை.

பிளாக் மெம்பர் அன்று மதியமே போட்டோவைப் போட்டுவிட்டார்: தலைவரின் திருக்கரங்களில் தீர்த்தாபிஷேகம். அறுபத்து மூன்று பேர் கும்பிட்டிருந்தார்கள்.

எண்ணூறு அடி இறங்க வேண்டும். இருபது அடிக்கு ஒரு குழாய். ஒவ்வொன்றாக மாட்டி, இறுக்கி, கேபிளைக் கட்டி, கப்பியில் இறக்க வேண்டும். நாலைந்து குழாய்க்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க உத்காடனக் கூட்டத்துக்குப் பொறுமையில்லை. பாயசம் தீர்ந்தது, கூட்டமும் தீர்ந்தது. மீதமிருந்த ஆறு சொம்புத் தீர்த்தத்தைக் கமலாத்தாள் வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், முதல் வரிசைச் செடிகளின் தூரில் ஆளுக்கொரு வாய் ஊற்றினார்.

மூன்றரை மணிக்கு மாரப்பன் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம். ஆம்பியர் முள் எழும்பி, இறங்கி, ஓரிடத்தில் நின்றது. அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறி வர நேரமாகும். குழாய் வாயில் முதலில் காற்று வந்தது, ஒரு பெருமூச்சு மாதிரி. பிறகு இரண்டு துப்பல் செம்மண். பிறகு ஒன்றுமில்லை. சென்னிமலை குழாய் வாயருகே குனிந்தார். ஆம்பியர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த செல்வப்பிரியா, வரட்டுங்க, அவசரப்படுத்தாதீங்க என்றாள், அவர் ஏதோ அவசரப்படுத்தியது போல.

வந்தது. குழாயின் முழு வாய்க்கும் வந்தது.

அப்போது அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. எத்தனையோ மேடையில் நன்றியுரை ஆற்றியவர். அதற்கு ஒரு முறை உண்டு: முதலில் தலைமை, பிறகு முன்னிலை, பிறகு மேடையை அலங்கரிக்கும் பெருமக்கள், ஒலிபெருக்கி அமைத்தவர் கடைசி. மேடை காலியாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றில் ஒன்றாகச் செருகி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாமல் மாரப்பனிடம் போய் நின்றார். மாரப்பன் கையெல்லாம் கேபிள் டேப்பின் பிசுக்கு. சென்னிமலை தன் மஞ்சள் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மாரப்பன் கையை உருவிக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம் விட்டுப் பாருங்க, எச்சா ஓட்டாதீங்க என்றார் கடைசியில்.

செல்வப்பிரியா அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சேமியாவை ஒரு டம்ளரில் வழித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம், அம்மிணி, உனக்கு நான் என்ன செய்யோணும் என்று கேட்டார்.

“ரேங்க் லிஸ்டுல எனக்கு மிந்தி முந்நூத்தி முப்பத்தொம்பது பேரு இருக்கறாங்க பெரியப்பா. அவிய எல்லாத்துக்கும் வெளிநாட்டுல நல்ல வேலையாக் கெடைக்கோணும்னு வேண்டிக்கங்க. உள்ள எதையும் ஊத்தாம வேண்டிக்கங்க.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் கண்ணும் கொஞ்சம் கலங்கியது. உண்மையாகவே அன்று மாலை வேண்டிக்கொண்டார். முந்நூற்று முப்பத்தொன்பது பேரின் நலனுக்காக ஒரு மனிதர் விளக்கின் முன் நிற்பது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. கூடவே, எண்ணூறு அடிக்குக் கீழே இருட்டில், மாலையும் மைக்கும் இல்லாமல், தன் வீட்டுப் பாரத்தை முழுக்கத் தாங்கிச் சுற்றிக்கொண்டிருக்கிற கையகலக் கரிக்கும் ஒரு கும்பிடு போட்டார். அதற்குத் தேவையெல்லாம் கொஞ்சம் நல்ல தண்ணீர். அதுவும் குடிப்பதற்காக அல்ல, வழுக்குவதற்காக.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே அவர் தக்காளிக் காட்டுக்குப் போனார். வாய்க்காலோ சொட்டுநீரோ, அங்கே அவருக்கு வேலையிருந்ததாக யாருக்கும் நினைவில்லை. கமலாத்தாள் வரிசை வரிசையாக வால்வைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். பழைய சட்டையில் வந்த புருஷனைப் பார்த்ததும், வேலை சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்; பிறகு ஒரு குண்டூசியைக் கொடுத்து, குழாயில் அடைத்திருக்கிற சொட்டுவான் ஓட்டைகளைக் குத்தி விடச் சொன்னார்.

அவர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து குனிந்து போனார். இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டு வரிசை தாண்டியதும் நிமிர்ந்து நின்று பார்த்தால், காடு இவ்வளவு நீளமா என்றிருந்தது. கடைசி வரிசையின் கடைசிச் செடி மேட்டில் இருந்தது. தண்ணீர் எங்கே நின்றாலும் முதலில் அங்கேதான் நிற்கும். அதன் காய்களைத் திருப்பிப் பார்த்தார். அடி பச்சையாகவே இருந்தது. பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அங்க வருதுங்களா?” என்று காட்டின் அந்தக் கோடியிலிருந்து கமலாத்தாள் கேட்டார்.

குழாயின் கண்ணில் ஒரு துளி திரண்டது. கனத்தது. விழுந்தது. அதற்குப் பின்னாலேயே அடுத்தது.

“வருது புள்ள” என்றார் சென்னிமலை.